தண்ணீர் வீட்டுச் சொற்கள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாய்க்கு மேலே, சுவரில், கறுப்பு மார்க்கரால் ஆங்கிலச் சொற்கள் சில எழுதியிருக்கும். எழுதியது நான்தான். உப்புக் காற்று பாதியைத் தின்றுவிட்டது. கை கால் கழுவ வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மவளுக்குப் பாடமா?" என்று கேட்பார்கள். மகளுக்கு இல்லை, மகளின் அம்மாவுக்கு என்றால் ஒரு சிரிப்பு வரும். சிரிக்கட்டும். அவற்றை எழுதிய நாளில் நான் பட்ட சந்தோஷம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

நான் பைப் ஃபிட்டர். முட்டத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனவன். கத்தாரில் பெரிய பெரிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆனதில் இருந்து நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் என் லீவு நாட்கள்தான் வரும். மகள் பிறந்தபோது நான் கத்தாரில் இருந்தேன். அவள் எழுந்து நடந்தபோதும் அங்கேதான். அவள் பேச ஆரம்பித்தபோது மட்டும் போன் புண்ணியத்தில் கூட இருந்தேன்.

இந்தப் பிழைப்புக்கு ஒரு முடிவு கட்டத்தான் என் மனைவி ஆங்கிலத் தேர்வு எழுதினாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்சுகள் தேற வேண்டிய தேர்வு அது. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. தேறினால் அவள் முதலில் போவாள், பின்னால் குடும்ப விசாவில் நானும் மகளும் போவோம். முதல் தடவை வாசிப்பு, எழுத்து, கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் நன்றாகத் தேறி, பேச்சில் மட்டும் கோட்டைவிட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து சேர்ந்தேன். கம்பெனி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "வீட்டுக்காரிக்குப் பரீட்சை முடியட்டும்" என்று ஏஜென்டிடம் சாக்குச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் தேறினால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்போம். தேறாவிட்டால் நான் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். எங்கள் குடும்பமே அவள் வாயிலிருந்து வரப்போகும் ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அவள் காலை டூட்டி முடித்து மத்தியானம் வந்ததும் சமையலறை மேசையில் புத்தகத்தை விரிப்பாள். நான் பக்கத்தில் நின்று மீன் கழுவிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகக் கேட்பேன். ஆரம்பத்தில் இது வெறும் கேள்வி பதில்தான்.

ஒரு நாள் அவள் 'ரிஸ்ட்' என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு. சொல்லுக்கு முன்னால் ஒரு டபிள்யூ சும்மா நிற்கிறது, அதை யாரும் உச்சரிப்பதில்லை. சாளை மீன் கையோடு எட்டிப் பார்த்த எனக்கு அந்த டபிள்யூ எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது. இத்தனை வருஷமாக நான் கையில் பிடித்த 'ரெஞ்ச்' இருக்கிறதே, குழாய் முறுக்குகிற கருவி, அதன் பெட்டியிலும் இதே போல ஒரு ஊமை டபிள்யூவும் அதன் பக்கத்தில் ஆர் என்ற எழுத்தும் அச்சடித்திருக்கும்.

"ஏட்டி, இந்த ரெண்டு எழுத்தும் சேந்து வாற வேற வார்த்தை என்னெல்லாம் இருக்கு?"

"இப்பம் அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா சொல்லேன்."

அவள் அகராதியைப் புரட்டினாள். ராப் என்றால் சுற்றிக் கட்டுவது. ரிங் என்றால் ஈரத்துணியைப் பிழிவது. ரிங்கிள் என்றால் தோலில் விழும் சுருக்கம். ரீத் என்றால் மலர் வளையம். ரெஸில் என்றால் மல்லுக்கட்டுவது. நான் மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டு திரும்பும். ரெஞ்ச் திருகும். துணியை முறுக்கித்தான் பிழிய முடியும். மல்லுக்கட்டுகிறவன் எதிராளியின் கையைத்தான் முறுக்குகிறான். இந்த இரண்டு எழுத்து எங்கே சேர்ந்தாலும் அங்கே ஏதோ ஒன்று வளைகிறது.

"தப்புங்கதுக்கும் அதே எழுத்துதான். ராங்" என்றாள், தலை நிமிராமலே.

தப்பில் என்ன திருகல்? போனில் தேடிப் பார்த்தேன். மிகப் பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்குக் கோணல் என்று அர்த்தமாம். நம் ஊரிலும் ஒருவனை ஏசும்போது கோணப் புத்திக்காரன் என்றுதானே சொல்கிறோம்.

"எழுதுகதுக்கும் அதே டபிள்யூதான். அதுல எங்க திருகல்?" என்று மடக்கினாள்.

"மணிக்கட்டத் திருப்பாம நீ எழுதிருவியா?"

"இது போங்கு" என்றாள்.

போங்குதான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாலும் அவற்றுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுக்குள் ஒரே சாயலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. ஜி, எல் என்று தொடங்கும் வீட்டில் வெளிச்சம் குடியிருந்தது. க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளேர், எல்லாம் மின்னுவது, பளபளப்பது, கண்ணைக் கூசுவது. கண்ணாடிக்கும் க்ளாஸ்தான். எஸ், என் வீட்டில் மூக்கு. தும்மினால் ஸ்னீஸ், மோந்தால் ஸ்னிஃப், குறட்டை விட்டால் ஸ்னோர், பன்றியின் மூஞ்சிக்கு ஸ்னௌட்.

என் மனைவிக்கு இது ஒன்றும் பெரிய அதிசயமாகப் படவில்லை. அவர்கள் படிப்பில் ஒரு சொல் ஐட்டிஸ் என்று முடிந்தால் அந்த உறுப்பு வீங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ். "இதெல்லாம் நாங்க முதல் வருஷத்துலயே படிச்சாச்சு" என்றாள். அது வேறு, இது வேறு என்று நான் வாதாடினேன். நோய்க்குப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து பேர் வைத்தார்கள். தும்மலுக்கும் குறட்டைக்கும் யார் கூடி உட்கார்ந்தது? யாரும் சொல்லிக்கொடுக்காமல் அத்தனை மூக்குச் சொற்களும் எப்படி ஒரே வாசலில் வந்து நின்றன? பதில் தெரியாத கேள்வி ஒன்று கையில் இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மார்க்கரை எடுத்தேன். குழாயில் அடையாளம் போட்டுப் பழகிய கைக்குச் சுவரும் குழாயும் ஒன்றுதான். சுவிட்சுப் பலகைக்கு மேலே வெளிச்சச் சொற்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்குச் சொற்கள். எங்களோடு இருந்த என் மாமி, அதாவது மனைவியின் அம்மா, கண்ணாடி பார்க்க வந்து திடுக்கிட்டு, "இதென்ன மருமவனே, வீட்டப் பள்ளிக்கூடமாக்கியாச்சா?" என்றார். மகள் மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்துவிட்டு என்னிடம் வழக்குக்கு வந்தாள்.

"ஸ்னேக்குக்கு மூக்கு எங்கப்பா?"

பாம்புக்கு மூக்கு உண்டு, நமக்குத்தான் தெரியாது என்று சமாளித்தேன். "அப்பம் ஸ்னோ?" என்றாள். பனிக்கு என்ன சொல்வது? எல்லா வீட்டிலும் வாடகைக்கு இருக்கிறவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள் என்றேன். அவள் நம்பவில்லை.

கொல்லைக் குழாய்க்கு மேலே டி, ஆர் வந்தது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வீடு. சொட்டுவது ட்ரிப், நோயாளிக்கு ஏற்றுகிற ட்ரிப்ஸ் அதுதான். துளி என்றால் ட்ராப். வடிந்து போவது ட்ரெயின். குடிப்பது ட்ரிங்க். தூறல் ட்ரிஸில். தொப்பலாக நனைவது ட்ரெஞ்ச். தண்ணீர் போகிற போக்கில் மிதந்து போவது ட்ரிஃப்ட். முங்கிச் சாவது ட்ரௌன். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நான் சுவரில் எழுதவில்லை. கடற்கரை வீட்டில் அதையெல்லாம் எழுதி வைக்க முடியாது.

"ட்ரை?" என்று கேட்டாள் மனைவி. உலர்ந்தது.

நான் மார்க்கரோடு நின்றுவிட்டேன். தண்ணீர் வீட்டில் தண்ணீரே இல்லாத ஒருவன். அவனுக்குப் பக்கத்திலேயே ட்ரௌட், வறட்சி. அப்புறம் பார்த்தால் வெளிச்ச வீட்டிலும் க்ளூம் என்று ஒரு இருட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் எதிர்க்கட்சிக்காரன் பிறந்துவிடுவான் போலிருக்கிறது. ட்ரை என்பதையும் எழுதினேன், மற்றவர்களைவிடப் பெரிதாக.

ஆங்கிலத்தில் மட்டும்தான் இந்த விளையாட்டா என்று ஒரு சந்தேகம் வந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. நான் பொருத்துவது குழாய். உள்ளே ஒன்றுமில்லாமல் இருப்பது குழாய். குழி, குழல், குழிவு, எல்லாம் உள்ளே வெறுமையாக இருப்பவைதான். படுத்த வாக்கிலேயே கத்தினேன். மனைவி குனிந்து, "மூச்சுக்குழல், உணவுக்குழல், ரத்தக்குழாய்" என்று மூன்றைச் சேர்த்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்கது. நம்ம மூக்கு வீடு இது" என்றாள். அவள் தானாக ஒரு வீட்டைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. தொட்டிக்கு அடியில் இருந்து எழும்ப மறந்து தலையை இடித்துக்கொண்டேன்.

இப்படியே போனால் அவளுக்கு ஆங்கிலத்தில் தெரியாத சொல்லே இருக்காது, தேர்வு கையில் இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தேர்வின் பேச்சுப் பகுதி எப்படி என்றால், எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். நம் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் இருக்கும் நிலைமைக்குத் தகுந்தபடி நர்ஸாகப் பேச வேண்டும். இதற்காக அவள் கொச்சியில் இருந்த ஒரு பயிற்சி டீச்சரிடம் போனில் வகுப்புக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். நான் அடுப்படியில் சத்தம் போடாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

டீச்சர்தான் நோயாளி. ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு வீட்டுக்குப் போகிறார். அவர் எங்கே போகிறார், கூட யார் இருப்பார்கள், திரும்பப் பரிசோதனைக்கு எப்போது வருவார், இவற்றை நர்ஸ் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அட்டை.

"நான் இன்றைக்குக் கிளம்புகிறேன்" என்றார் டீச்சர் ஆங்கிலத்தில்.

"ரொம்ப நல்லது" என்றாள் என் மனைவி. பிறகு, "தூரமா?" என்று கேட்டாள், ஆங்கிலத்தில்தான்.

"எது தூரமா?"

இவள் கொஞ்சம் மென்று விழுங்கினாள். பிறகு வெளியே தூறிக்கொண்டிருக்கிறது, குடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ட்ரிஸில் என்ற சொல்லைச் சரியாகப் போட்டாள். குழாயடியில் நான் எழுதிய சொல் கொச்சி வரைக்கும் போய்விட்டதே என்று எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. டீச்சர் குடை இருக்கிறது என்றார். காத்திருந்தார். இவள் மருந்தைப் பற்றிப் பேசினாள், புண்ணை நனைக்கக் கூடாது என்றாள். டீச்சர் மறுபடி காத்திருந்தார். நேரம் முடிந்தது.

பிறகு டீச்சர் மலையாளத்தில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வார்த்தைக்கு உன்னிடம் ஒரு குறையும் இல்லை மோளே, தூறலுக்குக்கூட வார்த்தை வைத்திருக்கிறாய். ஆனால் கேட்க வேண்டியதை நீ கேட்கவே இல்லை. அந்த ஆள் எங்கே போகிறான், எப்போது திரும்பி வருவான் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? இப்படிப் பேசினால் தேர்விலும் தேற மாட்டாய்.

போன் வைத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாய்க்குள்ள கொழுக்கட்டையா இருக்கு? எங்க போறியன்னு கேக்கத் தெரியாதா உனக்கு? இது ஒண்ணாங் கிளாஸ் இங்கிலீஷ்லா?"

"தெரியாமலா? வாயில வரமாட்டேங்கு."

"ஏன் வராது?"

"கிளம்பி நிக்க ஆள்ட்ட எங்க போறியன்னு எப்பிடிக் கேக்கது? எப்பம் வருவியன்னு எப்பிடிக் கேக்கது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "போன தடவையும் இதே மாதிரி அட்டதான் வந்துது."

வெங்காயக் கத்தியோடு நின்றேன். அவள் சொல்வது எனக்குத் தெரியாததா? எங்கள் கரையில் கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்கு இறங்குகிறவனிடம் எப்போது வருவாய் என்று கேட்டால் அவன் வலையைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். கேட்டே ஆக வேண்டும் என்றால் "தூரமா?" என்று ஒரு சொல். அவனே மனசு வைத்து இன்ன இடம் என்று சொன்னால் உண்டு. தவறிப்போய் யாராவது கேட்டுவிட்டால், போகிற ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதில் என் மாமி நீதிபதி மாதிரி. ஒரு தடவை நான் கத்தாருக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறியதும், வெளியூர்க்காரரான டிரைவர், "எங்க அண்ணாச்சி போவணும்?" என்று கேட்டுவிட்டார். டிரைவர் கேட்காமல் எப்படி ஓட்டுவார்? மாமி விடவில்லை. பெட்டியோடு என்னை இறக்கி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் நம் ஆட்களோடு இது ஒரு சங்கடமாகவே இருந்ததில்லை. என் மனைவி "தூரமா?" என்றால் போதும், அஞ்சுகிராமத்துக்கும்மா, மகள் வீட்டுக்கு, மருமகன் வண்டி கொண்டு வாறான், அடுத்த வெள்ளிக்கிழமை வாறேன் என்று அவர்களே கொட்டிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எதிரே இருப்பவர் கேட்டால்தான் சொல்வார். இவள் கேட்க மாட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது தெரியாமல் நான் வீட்டுச் சுவர் முழுக்கச் சொல்லாக எழுதித் தள்ளியிருக்கிறேன்.

"அவ கேக்கமாட்டா. நான் அப்பிடியாக்கும் வளத்திருக்கேன்" என்றார் மாமி கொல்லையில் இருந்து. குரலில் பெருமை வேறு.

அடுத்த நாள் நானே நோயாளியாக உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, தோளில் துண்டு, மடியில் ஒரு பை. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் கிளம்பப் போறேன்" என்று என் கம்பெனி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

அவள் என் ஜுரத்தைக் கேட்டாள். பசியைக் கேட்டாள். தூக்கத்தைக் கேட்டாள். "நேராக் கேளுட்டி" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து பையைத் தோளில் போட்டு வாசலைப் பார்க்க நடந்தேன்.

"வேர் ஆர் யூ கோயிங்?" என்றாள் பின்னாலிருந்து.

கேட்டுவிட்டாள். நான் திரும்பி, வீட்டுக்கு என்று பதில் சொல்லி, அடுத்த கேள்வி என்று கையைக் காட்டினேன்.

"வென் வில் யூ கம் பேக்?"

அவள் முகத்தைப் பார்த்தால் அது நோயாளியிடம் கேட்கிற முகமாக இல்லை. நான் தோளில் பையோடு வாசல் பக்கம் நிற்கிறேன். அவள் வீட்டுக்குள் நிற்கிறாள். எத்தனை லீவு முடிந்து நாங்கள் இப்படி நின்றிருக்கிறோம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விமான நிலையத்தில் மற்றவர்களின் மனைவிகள் கையைப் பிடித்துக்கொண்டு எப்போது வருவாய் என்று அழுவார்கள். என் மனைவி பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பாள், பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், "பைய போங்க" என்பாள். அவ்வளவுதான். நான் வருவதும் போவதும் அவளுக்குப் பழகிவிட்டது, ஒரு பொருட்டாகவே இல்லை என்று நினைத்து கத்தாருக்குப் போய்ப் பல நாள் வெம்பியிருக்கிறேன்.

"ஒவ்வொரு தடவையும் தொண்ட வரைக்கும் வரும்" என்றாள், இப்போது தமிழில். "கேட்டுப்பிட்டா நீங்க வராமப் போயிருவியளோன்னு பயம். அதான் பூட்டப் பிடிச்சு இழுத்துட்டு நிப்பேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மாமி கொல்லையில் இருந்ததால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் தேறலன்னா போறியளா?" என்று கேட்டாள்.

"போவேன்."

"எப்பம் வருவிய?"

"தெரியாது மக்கா."

கேள்வியும் நேராக இருந்தது, பதிலும் நேராக இருந்தது. அதுவரை எங்களுக்குள் அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லை. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் அசைந்தோம்.

அதற்குப் பிறகு அவள் என்னை வைத்துத்தான் பழகினாள். நான் சந்திக்கு மீன் வாங்கப் போனாலும் சரி, தலைமுடி வெட்டப் போனாலும் சரி, வாசலில் மறித்து எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்று ஆங்கிலத்தில் கேட்பாள். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வியின் தொனி எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். உடனே, "மருமவனே, உள்ள வந்து இரியும்" என்று செம்பில் தண்ணீரோடு வந்து நிற்பார். நானும் உட்கார்ந்து குடிப்பேன். பிறகு இவள் மறுபடி கேட்பாள், மாமி மறுபடி தண்ணீர் கொண்டுவருவார். ட்ரிங்க் என்ற சொல்லுக்கு நான் வயிறு முட்டப் பொருள் கண்டது அந்த நாட்களில்தான்.

"பரீட்சைக்காக்கும் அம்மா" என்று இவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"பரீட்சைக்கானாலும் கேள்வி கேள்விதான்" என்பார் மாமி.

தேர்வு திருவனந்தபுரத்தில் நடந்தது. நான் வெளியே ஒரு டீக்கடையில் காத்திருந்தேன். கையில் வேலை இல்லாததால் கடைப் பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வீடும் அகப்படவில்லை. அவள் வந்தாள். என்ன அட்டை வந்தது என்றுகூட நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"கேட்டேன். எல்லாத்தையும் நேராக் கேட்டேன்."

முடிவு வந்த அன்று அவள் டூட்டியில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தே போன் பண்ணினாள். அழுகையில் ஒன்றும் புரியவில்லை, தேறிவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. நான் ஏஜென்டைக் கூப்பிட்டு இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயைத் திறந்து தலையைக் கீழே காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ட்ரெஞ்ச்.

அவள் கிளம்பிய நாளில் நாங்கள் எல்லோரும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். நான், மகள், மாமி. எத்தனையோ தடவை நான் உள்ளே போன கண்ணாடிக் கதவு. வெளியே நிற்கிறவனுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் கை தானாகப் போய் அவள் பெட்டியின் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். முன்னமே இரண்டு தடவை கேட்டிருந்தேன். நான் சுவரில் எழுதின சொல் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"தூரமா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. "தூரம்தான்" என்றாள். பிறகு, "நீங்க எப்பம் வருவிய? நேராச் சொல்லணும்" என்றாள்.

"விசா அடிச்ச வாரமே டிக்கெட் போட்டுருவேன்."

"பிள்ளையக் கூட்டிட்டு?"

"பிள்ளையக் கூட்டிட்டுத்தான்."

மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவளை நான் மெல்லப் பிரித்து எடுத்தேன். மனைவி பெட்டியை உருட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். அதுவரை தள்ளி நின்ற மாமி சட்டென்று முன்னால் போய் அவள் கையைப் பிடித்தார்.

"எப்பம் மக்கா வருவ?"

நாங்கள் மூன்று பேரும் மாமியைப் பார்த்தோம்.

"அடுத்த கிறிஸ்மஸுக்கு அம்மா" என்றாள். "கண்டிப்பா வந்திருவேன்."

மாமி தலையை ஆட்டினார். தோள் பைக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். அது எங்கள் வீட்டுப் பழைய பாட்டில். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கொல்லைக் குழாயடியில் அவர் அதை நிரப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், வழியில் குடிக்க என்று நினைத்திருந்தேன். வழியில் யாருக்கும் அவர் அதைக் கொடுக்கவில்லை. கேட்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"இரி. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ" என்றார்.

மனைவி கதவோரத்தில் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கையில் இருந்து பாட்டிலை வாங்கிக் குடித்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.